பெட்டி போகும் அகலம்

கருணாகரன் என்னை நல்லவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். வெள்ளறடைச் சந்தையில் சொல்கிறான், ரப்பர் ஷீட் விற்கிற கடையில் சொல்கிறான். போன மாதம் எங்கள் சபை வாசலில் வந்து நின்று, ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களிடமும் சொன்னான். சுகுமாரி இல்லாவிட்டால் அவன் பெண்டாட்டி தீயில் வெந்து போயிருப்பாளாம். அவன் நாக்கு அழுகட்டும். அன்றைக்கு அந்தக் கல்சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மூன்றே பேர். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவன் மனைவி விமலகுமாரிக்கும் தெரியும். அவன் வாயால் என் கதையை ஊர் கேட்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளறடையிலிருந்து மலைப்பக்கம் ஏறும் சரிவில் மேலே எங்கள் நிலம், கீழே கருணாகரன் நிலம். இரண்டிலும் ரப்பர். அவன் நிலத்தின் அடியில் பஞ்சாயத்து ரோடு. அந்த ரோட்டுக்குப் போக அவன் மரங்களுக்கு நடுவே நாலடி அகலத்தில் எங்களுக்கு ஒரு நடைவழி இருந்தது. பத்திரத்தில் அது கிடையாது. அவன் அப்பா காலத்திலிருந்து நடந்தோம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஜெயசிங்கும் அவனும் ஒரே வயது. நான் அவனைக் கருணாகரண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விமலகுமாரி என்னை அக்கா என்பாள். ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் தீர்ந்துபோனால் அவள் வீட்டில் வாங்குவேன். எங்கள் வீட்டுப் பலா வருக்கைச் சக்கை, அது என்றால் அவளுக்கு உயிர்.

கெடுத்தது ஒரு அயனி மரம். எல்லையில் நின்றது. ஜெயசிங் அதை வெட்டி, வீட்டுக்குக் கதவு செய்யப் பலகை அறுத்து வைத்தார். மரம் தன்னுடையது என்று கருணாகரன் வந்தான். பஞ்சாயத்து மெம்பர் வந்தார், சங்கிலி பிடித்து அளந்தார்கள், மரத்தின் மூடு, வேர்ப்பக்கம், அவன் பக்கம் ஒரு முழம் உள்ளே இருந்தது. ஆமாம், மரம் அவனுடையதுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு மரத்துக்காக நாலு மாதம் பேசாமல் இருந்துவிட்டு அதோடு விட்டிருக்கலாம். அவன் லாரியில் கருங்கல் கொண்டு இறக்கினான். ஒரே மாதத்தில் எல்லை நீளத்துக்கும் கையாலை எழும்பியது. மண்ணைக் குழைத்து வைத்து அடுக்கிய கல்சுவர். அவன் பக்கம் ஐந்தரை அடி உயரம். எங்கள் பக்கம் நிலம் மேடு என்பதால் எனக்கு நெஞ்சளவு. யாரும் ஏறித் தாண்டாமல் இருக்க, மேலே சிமெண்ட் பூசி உடைந்த கண்ணாடிக் குப்பிச்சில்லு பதித்தான். நடைவழி அடைந்துபோனது. பாறையைச் சுற்றி ஒன்றரை மைல் நடந்து மேல் ரோட்டுக்குப் போனோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றிரண்டு ஜூனில், இடவப்பாதி மழையில் ஜெயசிங் செத்தார். காய்ச்சல் என்று படுத்தார், ஐந்தாம் நாள் ஆள் இல்லை. கல்லறைத் தோட்டம் கீழே, சபையை ஒட்டி. மழையில் பாறை வழியாகப் பெட்டியைச் சுமந்துகொண்டு போக முடியாது, கால் நிற்காது. கதவுக்கு அறுத்து வைத்த அந்த அயனிப் பலகையில்தான் பெட்டி செய்தார்கள், அந்த மழையில் வேறு பலகைக்கு எங்கே போவது. மேல்வீட்டு ஈசாக்கும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கையாலைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நாலடி மட்டும் எடுத்துவிட்டால் போதும், சாயங்காலம் நாங்களே திருப்பி அடுக்கித் தந்துவிடுகிறோம் என்று ஈசாக் கெஞ்சிக் கேட்டான். கருணாகரன் அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

“இதுவழி வழி இல்ல,” என்றான். பிறகு பெட்டியை ஒரு பார்வை பார்த்தான். “அந்தப் பெட்டியும் எனக்க மரமாக்கும்.”

அவன் நிலத்தை ஒட்டி ஓடுகிற ஓடை வழியாகத்தான் இறக்கினோம். இடுப்பளவு தண்ணீர். பாதி தூரத்தில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, பெட்டியின் மூலை பாறையில் மோதி மூடி திறந்துகொண்டது. கலங்கல் தண்ணீர் உள்ளே புகுந்தது. நான் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி அனுப்பிய மனுஷனின் மூக்கிலும் வாயிலும் சேறு. ஓடை நடுவில் நின்று என் சீலை முந்தியால் துடைத்தேன். அங்கே நின்றுதான் கர்த்தரிடம் கேட்டேன். இவனுக்கும் ஒரு நாள் வரணும், அன்றைக்கு நான் மேலே நிற்கணும் என்று. இப்படி ஜெபிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஜெபித்தேன்.

அந்த வீட்டிலிருந்து ஒருத்தி மட்டும் வந்தாள். புருஷன் பார்த்துக்கொண்டு நிற்க, விமலகுமாரி ஓடையில் இறங்கி, நனைந்துகொண்டு எங்கள் பின்னாலேயே கல்லறை வரைக்கும் வந்தாள். அதற்காக அவன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நானும் பேசவில்லை. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் அவளை நினைத்தால் அவன் குடையும் கூடவே வந்து நின்றது.

இனி சருகைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழியும் தையும் வந்தால் ரப்பர் மரம் ஒரு இலை விடாமல் உதிர்த்துவிடும். தோட்டம் முழுக்க முழங்கால் அளவுக்குச் சருகு கிடக்கும், நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஒரு பீடித்துண்டு போதும். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கிறிஸ்துமஸ் கழிந்து வருகிற முதல் சனிக்கிழமை, மேலே உள்ளவர்களும் கீழே உள்ளவர்களும் எல்லையில் சேர்ந்து நின்று பெருக்குவார்கள். இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் மூன்றடி, மண் தெரிகிற வரைக்கும். பயர்லைன் என்று பெயர். தீ வந்தாலும் அந்த ஆறடியைத் தாண்டாது. பெருக்கி முடித்தால் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைத்து எல்லாரும் சேர்ந்து தின்பார்கள். முகம் பார்க்காதவர்கள்கூட அந்த ஒரு நாள் பார்த்துக்கொள்வார்கள். ஜெயசிங்கும் கருணாகரனும் பதினாறு வருடம் சேர்ந்து பெருக்கியிருக்கிறார்கள்.

கையாலை கட்டிய பிறகு அவன் பெருக்குவதை நிறுத்தினான். ஈசாக் கேட்டதற்கு, “கல்லு கெட்டியாச்சில்லா, தீ இனி அதுல ஏறியா வரும்,” என்றானாம். எல்லைக்கு ஆறடி வேண்டும் என்கிற கணக்கை ஒரு சுவர் தீர்த்துவிடும் என்று நினைத்தான். நான் என் பக்கம் பெருக்கினேன். மூன்றடி அல்ல, என் நிலம் முழுவதையும் பெருக்கினேன். பெருக்கிய சருகை எல்லாம் பனையோலைக் கடவத்தில் அள்ளிச் சுமந்து, கையாலைக்கு அந்தப் பக்கம் கொட்டினேன்.

நாலு வருடம் கொட்டினேன். அவன் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன், வரவில்லை. முதல் மூன்று வருடமும் மழை அதை மக்க வைத்து அவன் ரப்பருக்கே உரமாக்கியது. என் பழி அவன் மரத்தில் பாலாக ஒழுகுகிறது என்று நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. இந்த முறை காய்ந்த சுள்ளியையும் சேர்த்துக் கொட்டினேன். சுவரின் அடியில் அவன் பக்கம் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. தீப்பிடிக்கட்டும் என்று நினைத்தாயா என்று யாராவது கேட்டால், நினைத்தேன். வேறென்ன நினைப்பேன். பூ பூக்கட்டும் என்றா.

இதற்கு நடுவில் விமலகுமாரிக்கு ஒரு பக்கம் தளர்ந்துபோனது. வலது கையும் காலும் வராது, வாய் கோணிப் பேச்சும் பாதி போனது. ஈசாக்கின் மனைவி வந்து சொன்னபோது கர்த்தரே என்றேன். போய்ப் பார்க்கவில்லை.

இந்த வருடம் மகரம் கடைசி, தை முடிகிற சமயம், செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். முற்றத்து ஓரத்தில் கம்பிப்பாரையால் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கொடியில் கிடந்த வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒன்று வந்து விழுந்தது. தொட்டேன், பொடிந்தது. இலைச் சாம்பல். கீழே பார்த்தால் ரோட்டோரத்திலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. யார் போட்ட பீடியோ. காற்று கீழேயிருந்து மேலே. மலைச்சரிவில் தீ இறங்குவதற்கு நேரம் எடுக்கும், ஏறுவதற்கு எடுக்காது. ஓடைக்கரை ஈற்றைக் காடு முதலில் பற்றி, ஒவ்வொரு மூங்கிலாக வெடித்தது. அந்தப் பக்கம் போச்சு. மறுபக்கம் அடுத்த நிலத்துக்காரன் சத்தியதாஸின் தரிசு, நெஞ்சளவு காய்ந்த புல். அதுவும் போச்சு. கருணாகரன் வீட்டுக்கு மூன்று பக்கமும் தீ. நாலாவது பக்கம் அவன் கட்டிய கையாலை.

என் வீட்டுக்கு என்ன ஆகும் என்று எனக்குப் பயம் வரவில்லை. என் நிலம் மொட்டையாகப் பெருக்கிக் கிடந்தது. நான் பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு கையாலைக்குப் போனேன். உதவப் போனேன் என்று நினைக்க வேண்டாம். பார்க்கப் போனேன். மூன்று வருடம் காத்திருந்தவள் முற்றத்தில் நின்றா பார்ப்பேன்.

அவன் வந்தான். ஒரு கான்வாஸ் மடக்குக் கட்டிலில் விமலகுமாரியைக் கிடத்தி, கம்பளிப் போர்வை போர்த்தி, தலைமாட்டைத் தூக்கிப் பிடித்து, கால்மாடு தரையில் உரச, மேட்டில் இழுத்துக்கொண்டு வந்தான். அறுபது வயதுக்காரன். மூச்சு ஊளையிட்டது. நான் கொட்டிய சருகுக்குள் இடுப்பு வரை புதைந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தான். ஆமாம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

“சுகுமாரி, விமலாவ தூக்கித் தாறேன். நீ அங்ஙன நிண்ணு வலிச்சுக்க.”

நான் அசையவில்லை. அவன் அவளைத் தூக்கப் பார்த்தான். தளர்ந்த உடம்பு, நழுவி நழுவி விழுந்தது. சுவரைப் பிடித்த கையைக் குப்பிச்சில்லு கிழித்தது. அவன் பதித்த சில்லு. இரண்டாம் முறையும் முடியாமல் அவளைக் கட்டிலிலேயே கிடத்தினான்.

“ஒரு கை தா. தெய்வத்த நெனச்சு ஒரு கை தா.”

“இதுவழி வழி இல்ல,” என்றேன்.

அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு இருந்த சுகத்தை மறைக்க மாட்டேன். மூன்று வருடமும் எட்டு மாதமும் வாயில் வைத்திருந்த வார்த்தை. பால் வெட்டும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன், சோறு வடிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

“தீ வருது. உனக்குக் காணல்லியா.”

“காணுது. அண்ணு மழை வந்துது. உமக்குக் கண்டுதா.”

“எனக்க தப்பாக்கும். காலப் பிடிக்கேன்.”

“காலு ஒண்ணும் பிடிக்காண்டாம். அண்ணு என்ன சொன்னீரோ, அதச் சொல்லும்.”

கீழே அவன் வீட்டு ஓடு வெடிக்கத் தொடங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். “வழி இல்லண்ணு சொன்னேன்.”

“பொறவு.”

“பெட்டியும் எனக்க மரமாக்கும்ணு சொன்னேன்.” அழுதுகொண்டே சொன்னான்.

பாரையை அந்தப் பக்கம் போட்டேன். “எனக்க கையால ஒரு கல்ல எடுக்க மாட்டேன். நீரு வச்சது. நீரே எடும்.”

அவன் கையால் சருகை அள்ளி ஒதுக்கிவிட்டு, கல்லுக்கு இடையில் பாரையைச் செருகி நெம்பினான். மேலே இருந்த சிமெண்ட் பாளம் பாளமாக விழுந்தது. அதற்குக் கீழே வெறும் மண் சாந்துதான், கல் சீக்கிரமே இளகியது. ஒவ்வொரு கல்லாக உருண்டு என் காலடிக்கு வந்தது. இந்த ஒரு கல்லை அன்றைக்கு எடுத்திருந்தால், இந்த ஒரு கல்லை எடுத்திருந்தால் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் காதில் விழுந்ததோ என்னவோ. சருகில் அங்கங்கே பொறி விழுந்து புகைந்துகொண்டிருந்தது. விமலகுமாரி ஒரு சத்தமும் போடவில்லை. தலை சுவர்ப் பக்கமும் கால் தீப் பக்கமுமாகக் கிடந்து, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இரண்டரை அடி திறந்தது. அவன் பாரையைப் போட்டுவிட்டுக் கட்டிலைப் பிடித்தான்.

“இவ்வளவு மதி. கட்டிலு போவும். நீ தலைமாட்டப் பிடி.”

நான் திறப்பில் வந்து நின்றுகொண்டேன். “நாலடி,” என்றேன்.

“இதுல போவும் சுகுமாரி.”

“கட்டிலு போவும். பெட்டியும் ரெண்டு பக்கமும் ஆளும் போவாது. நாலடி எடும்.”

அவன் என்னைத் தள்ளியிருக்கலாம். தள்ளினால் கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குனிந்து பாரையை எடுத்தான். இன்னும் ஆறு கல். நான் எண்ணினேன்.

ஆறாவது கல் உருண்டதும் நான் தலைமாட்டைப் பிடித்தேன். அவன் கால்மாட்டுக்குப் போனவன், என்னவோ முனகிக்கொண்டு போர்வையைக் கையாலேயே அடித்தான், அடித்தான். பிறகு தூக்கினான். நாங்கள் திறப்பைக் கடந்து இருபது அடி வந்திருப்போம், பின்னால் சருகுக் குவியல் முழுவதும் ஒரே நேரத்தில் பிடித்தது. முதுகு சுட்டது. எல்லையோரம் நின்ற என் ரப்பர் இரண்டு வரிசை கருகியது. என் முற்றத்து மண்ணில் பற்ற ஒன்றும் இல்லாமல் தீ அங்கேயே நின்றுபோனது. ஈசாக் பச்சைக் கொப்பு வெட்டிக்கொண்டு முப்பது பேரோடு மேலேயிருந்து இறங்கி வந்து, மிச்சத்தை அடித்து அணைத்தான். பயர் எஞ்சின் கீழே ரோட்டில் வந்து நின்றபோது கருணாகரன் வீட்டில் சுவர் மட்டும் இருந்தது.

வருக்கைச் சக்கை மரத்தடியில் கட்டிலை இறக்கினோம். ஈசாக் போர்வையை விலக்கினான், உடனே மூடினான். வலது பாதம். சருகில் கிடந்த கால்மாட்டில் பொறி விழுந்து, கம்பளிக்குள்ளேயே கனன்றிருக்கிறது. அந்தக் காலில் உணர்வு கிடையாது, அதனால் அவள் கத்தவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மேல் ரோட்டுக்குச் சுமந்துபோய் ஜீப்பில் ஏற்றித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் கழித்துக் கணுக்காலுக்கு மேலே வைத்து எடுத்துவிட்டார்கள். எப்படியும் வராத கால்தானே, உயிர் பிழைத்ததே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்த ஆறுதலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சொன்னவன் கன்னத்தில் அறைய வேண்டும்போல் வந்தது.

கருணாகரன் கேட்பான் என்று காத்திருந்தேன். சருகைக் கொட்டியது யார், ஆறு கல்லுக்கு என்னை நிறுத்தியது யார் என்று நாலு பேர் முன்னால் கேட்பான், நான் ஓடையைச் சொல்லுவேன், கணக்கு நேராகும். அவன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிவிட்டான். சுகுமாரி தெய்வம், சுகுமாரி கை கொடுத்தாள். உண்மையாகவே அப்படி நம்புகிறானா, இல்லை இதுதான் அவன் என்னிடம் எடுக்கிற பழியா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் எரிகிறது.

போன மாதம் சபை வாசலுக்கு வந்தபோது கையில் ஒரு பத்திரம் வைத்திருந்தான். நாலடி நடைவழி, ரோடு வரைக்கும், என் பெயரில், தலைமுறை தலைமுறைக்கும். முத்திரை எல்லாம் போட்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் வைத்து நீட்டினான். போதகர் கை தட்டினார், பின்னாலேயே எல்லாரும் தட்டினார்கள்.

“உனக்குக் கெடச்சுப் போச்சில்லா மக்கா,” என்றான் ஈசாக். கண் கலங்கியிருந்தது. ஓடையில் பெட்டியின் முன்பக்கம் பிடித்தவன் அவன்.

வாங்கினேன். மறுநாள் காலையில் அந்த வழியாக இறங்கினேன். நான் கேட்டு வாங்கிய அகலம், இரண்டு பேர் தோளோடு தோள் உரசாமல் போகலாம். இருபுறமும் கரிந்த மரத்தில் புதுத் தளிர் வந்திருந்தது. ஜெயசிங் இந்த வழியாகப் போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வழி அவன் வீட்டை ஒட்டித்தான் போகிறது. புதிதாக ஓடு போட்டிருந்தான். ஜன்னலோரம் கட்டில். விமலகுமாரி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் சீக்கிரமே தட்டையாகிவிட்டிருந்தது.

என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்கினாள். பாதி முகத்தால் சிரித்தாள்.

“வா... க்கா,” என்றாள்.

நான் நின்றேன். கடைசியாகச் சொல்ல வேண்டியது இதுதான், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். நாலாவது கல்லின்போது அந்தப் போர்வையிலிருந்து புகை வருவதைக் கண்டேன். சுற்றிலும் புகை, இதுவும் அந்தப் புகைதான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இன்னும் இரண்டு கல்தானே என்று நினைத்தேன். நான் கண்டதை விமலகுமாரி கண்டாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டுதானே கிடந்தாள். என் கண் அவள் காலுக்குப் போனதையும், திரும்பக் கல்லுக்கு வந்ததையும் பார்த்தாள். அவளுக்கு வாய்தான் பாதி போனது. கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஓடையில் என் பின்னால் வந்ததுபோலவே, அதையும் ஒன்றும் பேசாமல் செய்தாள்.

ஜன்னலைத் தாண்டி நான் போகவில்லை. வந்த வழியே திரும்பி ஏறினேன்.

அன்றைக்கு மத்தியானமே கல் அடுக்கத் தொடங்கினேன். உருண்டு கிடந்த கல் எல்லாம் என் பக்கம்தானே. மண் குழைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, மூன்று நாள் எடுத்தது. ஊரில் எல்லாரும் என் வீம்பு என்றார்கள். கேட்டு வாங்கிய வழியைக் கையாலேயே அடைக்கிறாள், இவள் மனசு கல் என்றார்கள். கருணாகரன் மேல் எனக்கு உள்ள பகை ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை, நாளைக்கு அவன் செத்தாலும் ஓடையில் இறங்க மாட்டேன். ஆனால் அவனுக்காக அடைக்கவில்லை.

மூன்றாம் நாள் கடைசி வரிசை வைக்கும்போது அவன் அந்தப் பக்கம் வந்து நின்றான். கையில் தீப்பட்ட தழும்பு ரோஸ் நிறத்தில் இருந்தது.

“எதுக்கு சுகுமாரி இது. விமலா தெனமும் ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருக்கா. நீ வாறியாண்ணு கேக்கா.”

என்னிடம் பதில் இருந்தது. அது அவளுக்குச் சொல்ல வேண்டியது, இவனிடம் சொல்ல முடியாது. கடைசிக் கல்லை வைத்து, மண்ணை அப்பினேன்.

“இதுவழி வழி இல்ல,” என்றேன்.